சூட்டுக்கைக்காரரும் இறங்காத ஒன்றும்

வராதது இனி வரவே வராது என்று ஒரு மனிதன் எப்போது சொல்லிக்கொள்ளலாம்?

நாய் வளர்ப்பவர்களிடம் இதற்குப் பதில் இருக்கிறது. ஆண் குட்டி பிறக்கும்போது அதன் இரண்டு விதைகளும் வயிற்றுக்குள்தான் இருக்கும். பிறகு மெல்ல இறங்கி, தொடையிடுக்கு வழியாக வந்து, பையில் தங்கும். இரண்டு மாதத்தில் கைக்குத் தட்டுப்பட்டுவிட வேண்டும். குட்டி சோம்பேறியாக இருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம். ஆறு மாதத்துக்குள் இறங்காதது இறங்காது. அப்படிப்பட்ட நாயை நாய்க் கண்காட்சியில் ஏற்கமாட்டார்கள், இனவிருத்திக்கும் விடமாட்டார்கள். அதற்கு மேலும் தடவிப் பார்ப்பவர் தன் ஆறுதலுக்காகப் பார்க்கிறார், அவ்வளவுதான். மனிதர்கள் விஷயத்தில் இப்படி ஒரு கெடுவை யாரும் வைத்துக் கொடுக்கவில்லை.

சூட்டுக்கைக்காரர் ஒரு பெரிய விடுதியின் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுபவர். காலை முழுக்கப் படுக்கை விரிப்புகள், மதியத்துக்கு மேல் சட்டைகள். நீராவிப் பெட்டியைப் பிடித்துப் பிடித்து அவருடைய உள்ளங்கைகள் எப்போதும் கதகதப்பாகவே இருக்கும். பட்டப்பெயர் அதனால் வந்ததுதான். ஆனால் அதை வைத்தவர்கள் சலவைக்கூடத்துக்காரர்கள் அல்ல, ஊரின் நாய்ச் சங்கத்தார்.

குளிர்ந்த கை பட்டால் குட்டி உடம்பைச் சுருக்கிக்கொள்ளும். பயந்தாலும் அப்படித்தான். பாதி இறங்கிய விதை அந்த நேரத்தில் மேலேறி ஒளிந்துகொள்ளும், பார்ப்பவர் இல்லை என்று நினைத்துவிடுவார். சூட்டுக்கைக்காரரின் மடியில் குட்டிகள் சுருங்குவதில்லை, தூங்கிவிடும். அதனால் வளர்ப்பவர்கள் கூடையில் குட்டிகளைப் போட்டுக்கொண்டு சலவைக்கூடத்தின் பின்வாசலுக்கு வருவார்கள். அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, அழுக்குத் துணி மூட்டைமேல் உட்காருவார். இரண்டு விரல்கள் குட்டியின் அடிவயிற்றிலிருந்து மெல்லப் பின்னோக்கிப் போகும். பிறகு ஒரு வார்த்தை. "ரெண்டு." அல்லது, "ஒண்ணு." அல்லது, "பொறுங்க."

பக்கத்து மேசையில் பித்தான் தைப்பவன் இதைப் பார்க்கும்போதெல்லாம் சும்மா இருக்கமாட்டான். "அண்ணே, ஊர்ல எல்லாரும் கையைப் பார்த்து ஜோசியம் சொல்றாங்க. நீங்க மட்டும்தான் கையை வச்சுச் சொல்றீங்க. அதுவும் எங்கே வச்சு!"

"உனக்கும் பார்க்கணுமா, சொல்லு" என்பார் இவர். கூடமே சிரிக்கும்.

சங்கத்துச் செயலாளர் ஒருமுறை தன் செல்லக் குட்டியைக் கொண்டுவந்தார். ஊரே கண்வைத்த குட்டி. இவர் வெகுநேரம் தடவிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுதான் சார். வயசும் தாண்டிடுச்சு" என்றார். செயலாளர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. குட்டிக்கு அறுவைசிகிச்சை செய்து, அதை வீட்டு நாயாக வைத்துக்கொண்டார். இவர் சொன்னால் அது சொன்னதுதான் என்று ஊரில் ஒரு பேச்சு அப்படித்தான் நிலைபெற்றது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொன்னதில்லை.

இந்த நாய்ப் பித்து அவருடையதே அல்ல, மனைவியுடையது. அவள் அதே சலவைக்கூடத்தில் துணி மடிக்கும் மேசையில் இருந்தவள். கல்யாணமாகி வந்தபோது ஒரு துணிப்பையும் ஒரு பெட்டைக் குட்டியும் கொண்டுவந்தாள். செம்பட்டை நிறம், குட்டை மயிர், எந்நேரமும் எதையோ ஒட்டுக்கேட்பதுபோல் நிமிர்ந்த காதுகள். அந்தப் பெட்டையின் மகள், மகளின் மகள் என்று வம்சம் வளர்ந்தது. ஆண் குட்டிகள் மட்டும் தங்கவில்லை. ஒன்று பிறந்ததும் இறந்தது, இன்னொன்றுக்குக் கால் வளைந்திருந்தது. தன் நாயின் வம்சத்தில் ஒரு ஆண் கண்காட்சி வட்டத்துக்குள் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும், அதைக் கயிற்றுக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதைத் தவிர அவள் பெரிதாக எதையும் கேட்டதில்லை.

பிறகு கடலுக்கு அப்பால் இருக்கும் மகளுக்குப் பிரசவம் என்று போனாள். ஆறு மாதத்தில் திரும்புவதாகப் பேச்சு.

ஆறு மாதம் ஒரு வருடமானது. அதற்குள் மகளுக்கு வேலை மாறியது. பிறகு இரண்டாவது குழந்தை. "எப்போ வர்ற?" என்று இவர் போனில் கேட்பார். "சின்னவன் நடக்க ஆரம்பிச்சதும் வந்துடறேங்க" என்பாள். சின்னவன் நடந்தான், ஓடினான், முதுகில் பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கும் போக ஆரம்பித்துவிட்டான்.

யாரைக் குறை சொல்வது? அங்கே அவள் தேவைப்பட்டாள். தேவைப்படுகிற இடத்தில் இருப்பதைத் தவறு என்று எப்படிச் சொல்வது? இவருக்கும் அவள் வேண்டும்தான். ஆனால் வாய்விட்டுச் சொல்லும்படி ஒரு காரணம் அவரிடம் இல்லை. சமைக்கத் தெரியும். வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியும். இஸ்திரியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சாவி செய்யும் கடைக்கு மேலே இரண்டு அறைகள், ஒரு சன்னல், சன்னலோரம் அவள் உட்காரும் நாற்காலி. சீமாட்டி என்ற கிழட்டுப் பெட்டை அந்த நாற்காலிக்கு அடியில்தான் படுக்கும். அதன்மேல் ஏறாது. இவரும் அதில் உட்காருவதில்லை. ஏன் என்று கேட்டால், கால் ஆடுகிறது என்பார். உண்மையில் நாற்காலி ஆடத்தான் செய்தது. சரிசெய்ய அரை மணி நேரம் போதும்.

சீமாட்டி கடைசியாக ஒருமுறை குட்டி போட்டது. இனிமேல் இதற்குத் தாங்காது என்று கால்நடை டாக்டரம்மா சொல்லிவிட்டாள். குட்டிகளில் ஒன்றே ஒன்று ஆண். போனில் படம் பார்த்ததுமே மனைவி பேர் வைத்தாள். "நிக்கிற நிலையைப் பாருங்க, தொரை மாதிரி. தொரைன்னே கூப்பிடுங்க."

அன்றைக்குத்தான் அவள் அந்த வாக்கையும் கொடுத்தாள். "இவன் ரிங்குக்குள்ள நிக்கிற அன்னைக்கு நான் அங்கே இருப்பேன். யார் என்ன சொன்னாலும் சரி. பேரன் அழுதாலும் சரி. சத்தியமா வருவேன்."

சூட்டுக்கைக்காரர் போனை வைத்துவிட்டுக் குட்டியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். அதற்கு அப்போது இரண்டு வாரம்கூட ஆகவில்லை, தடவிப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. அது அவருக்கும் தெரியும். தடவிப் பார்த்தார்.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனை எடுத்தால் அவளுடைய முதல் பேச்சு சாப்பிட்டீர்களா என்பதாக இருக்கவில்லை.

"வந்துடுச்சா?"

"ஒண்ணு வந்துடுச்சு. இன்னொண்ணு வழியில இருக்கு."

"ஏன், பஸ் கிடைக்கலையாமா?"

"கூட்டமா இருக்காம். அடுத்ததுல வருதாம்."

சிரிப்பார்கள். போனை வைத்ததும் இந்தப் பக்கம் சிரிப்பு நின்றுவிடும். நான்காம் மாதம் இடது விதை பையில் கனமாகத் தொங்கியது, வலது பக்கம் வெறும் தோல். வீட்டில் இஸ்திரிப் பெட்டி சூடாகும்வரை பொறுக்காமல், காலையில் கொதிக்கும் கெண்டியைச் சுற்றிக் கையை வைத்துச் சூடேற்றிக்கொண்டு குட்டியைக் கூப்பிடுவார். துரை அதற்குப் பழகிவிட்டான். கெண்டி விசிலடித்தால் தானாக வந்து மல்லாந்து படுத்துக்கொள்வான்.

ஐந்தாம் மாதம் போனது. கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் துரை மாடிப்படியில் கிடந்த பழைய தகர வாளியை உருட்டி விளையாடி, பின்னங்காலின் அடியைக் கிழித்துக்கொண்டான். வலதுகால். மருந்து தடவி, பழைய தலையணை உறையைக் கிழித்துக் கட்டுப்போட்டார். சில நாள் நொண்டினான், பிறகு மறந்துவிட்டான். அவரும் மறந்துவிட்டார்.

ஒரு காலையில் வலது தொடையிடுக்கில் அவர் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. சிறியது, உருண்டையானது, தொட்டால் வழுக்கியது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி தொட்டார். இருந்தது. மறுநாளும் இருந்தது. வேறு யாருடைய குட்டியாவது இருந்திருந்தால் "பொறுங்க" என்று சொல்லியிருப்பார். பைக்குள் விழுந்தால்தான் கணக்கு, வழியில் இருப்பது கணக்கில்லை என்று எத்தனை பேருக்கு அவரே சொல்லியிருக்கிறார்! அன்று ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. போனை எடுத்தார்.

"என்னங்க, என்ன ஆச்சு? இன்னைக்கு எதுக்குக் கூப்பிடறீங்க?" என்று பதறினாள்.

"இறங்கிடுச்சு."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு மூக்கை உறிஞ்சும் ஒலி. "கை வச்சுப் பார்த்தீங்களா?"

"என் கைம்மா. என் கை."

"அப்போ சரி" என்றாள். அந்த வாரமே கண்காட்சி நாளைக் கேட்டு டிக்கெட் எடுத்துவிட்டாள். போக வர எடுத்த டிக்கெட். அதற்குப் பிறகு அவர் துரையைத் தடவிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

கண்காட்சிக்கு முன் தடுப்பூசி போட வேண்டும் என்பது சங்கத்தின் விதி. துரையை டாக்டரம்மாவிடம் கொண்டுபோனார். அவள் இவரிடம் மரியாதையாகப் பழகுபவள், ஆனால் எதையும் தானே பார்க்காமல் விடமாட்டாள். ஊசி போட்டுவிட்டு உடம்பு முழுக்கத் தடவிக்கொண்டே வந்தவள், வாலுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணே, வலது பக்கம் காணோமே."

"இடுக்குல இருக்கு டாக்டர். நல்லாத் தொட்டுப் பாருங்க. பைக்கு வர்ற வழியில நிக்குது."

அவள் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். பிறகு துரையின் பின்னங்காலைத் தூக்கித் திருப்பினாள். வெளுத்த தழும்பு.

"இது எப்போ?"

அவர் சொன்னார். சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது.

"கால்ல புண் வந்ததால இடுக்குல நெறி கட்டியிருக்குண்ணே. புண் ஆறினதும் வத்திடுச்சு. நீங்களே பாருங்க."

அவர் பார்த்தார். விரல்கள் போகிற இடமெல்லாம் வெறும் தோல். அவர் தொட்டதும் துரை உடம்பைச் சுருக்கிக்கொண்டான். அந்தக் கை அன்று குளிர்ந்திருந்தது.

டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துக் காட்டினாள். விதை வயிற்றுக்குள்ளேயே, சிறுத்துப்போய், பிறந்த இடத்தை விட்டு நகராமல் இருந்தது. "வெளியே வர வேண்டியது உள்ளே உடம்புச் சூட்டுலயே கிடந்தா வருஷம் போகப்போகக் கட்டியாகலாம்ணே. அவசரமில்லை, ஆனா எடுத்துடணும். இன்னொண்ணையும் சேர்த்து எடுக்கிறதுதான் சரி. இது வம்சத்துல வர்ற சமாச்சாரம், குட்டிகளுக்கும் போகும்."

"வம்சத்துலயா? அம்மா வழியிலயா?"

"அப்பா வழியாவும் வந்திருக்கலாம், அம்மா வழியாவும் வந்திருக்கலாம். பெட்டைக்கு வெளியே தெரியாதே."

அவர் துரையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். நன்றாக நடக்கிற நாயை எதற்குத் தூக்கிக்கொண்டு போகிறார் என்று தெருவில் ஒருத்தி கேட்டாள். அவர் நடையை எட்டிப் போட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. "பேத்திக்குச் சொல்லிட்டேங்க, பாட்டி தொரையைப் பார்க்கப் போறேன்னு. பெட்டிகூடக் கட்டிட்டேன். அவன் எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான்" என்றார். பொய் இல்லை.

அவள் வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், முன்நெற்றியில் வெள்ளை கூடியிருந்தது. படியேறி வந்ததும் சீமாட்டி முனகிக்கொண்டே அவள் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது, பிறகு தரையில் சிறுநீர் கழித்துவிட்டது. "கெழவி, வந்ததும் வராததுமா எனக்கு வேலை வைக்கிறியா?" என்று திட்டிக்கொண்டே அவளே துடைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். அது ஆடியது. "இதைக்கூடச் சரி பண்ணலையா?" என்றாள்.

அன்று சாயங்காலம் அவள் கெண்டியில் வெந்நீர் வைத்துக் கையைக் கழுவினாள். விசில் கேட்டதும் துரை ஓடிவந்து அவள் முன் மல்லாந்தான். அவள் சிரித்துவிட்டாள். சூட்டுக்கைக்காரர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகுக்குப் பின்னால் துரையின் வால் தரையில் தட்டுவது கேட்டது. பிறகு, "நல்லா வளர்த்திருக்கீங்க" என்றாள்.

அடுத்த சில நாட்கள் வீட்டில் எல்லாம் இடம் மாறியது. கரண்டிகள் பழைய ஆணிக்குத் திரும்பின. சன்னல் திரை துவைக்கப்பட்டது. அவர் வேலைக்குக் கிளம்பும்போது "சீக்கிரம் வாங்க" என்று ஒரு குரல் கேட்டது. அந்த இரண்டு சொல்லுக்காக அவர் செருப்பை மாட்டியும் கழற்றியும் வாசலிலேயே நேரம் கடத்தினார். சாயங்காலமானால் அவள் போனில் பேரப்பிள்ளைகளோடு பேசுவாள். பேசும்போது அவள் குரல் மகள் வீட்டில் இருப்பவளின் குரலாக மாறிவிடும். பெட்டி கட்டிலுக்கடியில் பாதி பிரித்தபடியே கிடந்தது.

கண்காட்சி நாள் காலையில் அவர் தன் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவள் வந்து எதிரில் நின்றாள்.

"வேணாங்க. போகவேணாம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வந்த அன்னைக்கே தெரிஞ்சுடுச்சு. ஒண்ணுதான் இருக்கு."

"ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

சட்டையிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

"என் நாய்கிட்டேயிருந்துதான் வந்திருக்குமோ?" என்று கேட்டாள், கொஞ்சம் தாழ்ந்த குரலில்.

"அப்பன் வழியாவும் இருக்கலாமாம்."

"நல்ல சமாதானம்." அவள் லேசாகச் சிரித்தாள். "சரி, விடுங்க. நான்தான் வந்துட்டேனே. இனிமே அங்கே போய் எதுக்கு அசிங்கப்படணும்? உங்க கையை நம்பித்தான் அத்தனை பேரும் அவங்கவங்க குட்டிகளை ஒதுக்கினாங்க. நீங்களே ஒண்ணோட போய் நின்னா என்ன நினைப்பாங்க? ஒண்ணு, உங்களுக்குத் தெரியலைன்னு நினைப்பாங்க. இல்லைன்னா ஏமாத்த வந்தீங்கன்னு நினைப்பாங்க. தொரைக்குக் காய்ச்சல்னு சொல்லிடலாம். வீட்லயே இருக்கலாம், நாம நாலு பேரும்."

அவள் சொன்னதில் ஓட்டை இல்லை. அவள் வர வேண்டும் என்பதுதான் வேண்டுதல் என்றால் அது நிறைவேறிவிட்டது. மற்றதெல்லாம் வீண் அவமானம். அவர் காலரை ஒருமுறை அழுத்தித் தேய்த்தார். பெட்டியை நிமிர்த்தி வைத்தார். சட்டையைப் போட்டுக்கொண்டு ஆணியிலிருந்து துரையின் கழுத்து வாரை எடுத்தார்.

"செருப்பைப் போடு, கிளம்பலாம்" என்றார்.

மைதானத்தில் கயிறு கட்டி வட்டம் போட்டிருந்தார்கள். நடுவர் வெளியூர்க்காரர், வயதானவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார். முதலில் எல்லா நாய்களும் வட்டமடித்தன. பிறகு ஒவ்வொன்றாக வரிசையில் நின்றன. பல், முதுகு, கால், கடைசியாக அடியில் ஒரு கை. துரை கடைசி. செயலாளர் பெருமையோடு நடுவரிடம் குனிந்து சொன்னார்: "இவர் நாய்க்கு நீங்க பார்க்கவே வேணாம் சார். ஊர்க்குட்டிகளுக்கெல்லாம் பார்க்கிற கை இவருடையது."

"என் கையும் பார்க்கட்டுமே" என்று நடுவர் குனிந்தார். கை நின்றது. மறுபடி தேடியது. அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஒண்ணுதான் இருக்கு. தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும்."

செயலாளர் முகம் செத்துப்போனது.

"தெரிஞ்சும் எதுக்குக் கொண்டுவந்தீங்க?"

அதற்கு அவர் அன்றும் பதில் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. சலவைக்கூடத்தின் பின்வாசலுக்கு வெகுநாள் யாரும் கூடை கொண்டுவரவில்லை. பித்தான் தைப்பவன் கேலி செய்ய வாயெடுத்து, விட்டுவிட்டான். செயலாளர் நேரில் வந்து கோபமாகவே கேட்டார், தேநீர் குடித்துவிட்டுப் போனார், பதில் கிடைக்கவில்லை. டாக்டரம்மா அறுவைசிகிச்சைக்கு நாள் கொடுத்தபோது கேட்டாள். மனைவி டிக்கெட்டைத் தள்ளிப்போட்டு, துரைக்குத் தையல் பிரிக்கும்வரை இருந்தாள், இரவெல்லாம் அவனை நக்கவிடாமல் பக்கத்திலேயே படுத்தாள். பிறகு, சின்னவனின் பள்ளி திறந்ததும், போனாள். போகிற அன்று வாசலில் அவளும் கேட்டாள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் படியிறங்கினார். நாற்காலிக்கு மட்டும் அவள் இருக்கும்போதே காலை மாற்றிவிட்டார். இப்போது அது ஆடுவதில்லை. இன்னும் அதில் யாரும் உட்காருவதில்லை.

அன்று மைதானத்தில் நடுவர் கையைத் துடைத்துக்கொண்டு, வெளியே போகலாம் என்று தலையசைத்தார். கயிற்றில் விட்டிருந்த வழி சூட்டுக்கைக்காரருக்குப் பக்கத்திலேயே இருந்தது, கையெட்டும் தூரம். அவர் வாரைச் சற்றுத் தளர்த்திப் பிடித்தார். வழியைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் திரும்பினார். துரை காதுகளை நிமிர்த்திக்கொண்டு, தலையை உயர்த்தி, இவருடைய நடைக்குத் தன் நடையைச் சேர்த்தான். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, இருவரும் அந்த வட்டத்தை இன்னொருமுறை, அவசரமில்லாமல், முழுதாகச் சுற்றினார்கள். கயிற்றுக்கு வெளியே அவள் நின்றிருந்த இடம் வந்ததும் அவர் நின்றார். நாயும் நின்றது, நிமிர்ந்து.